ஃப்ரெட்லெஸ் பேஸுக்கு ஃப்ளாட் கம்பியே போதும்!

ஃப்ரெட்லெஸ் பேஸ் கிடாரைக் கையில் எடுக்கிற பலருக்கும் மனதில் இருப்பது ஒரே ஆள்தான். ஜாக்கோ பாஸ்டோரியஸ். அவர் ரவுண்ட்வவுண்ட் ஸ்ட்ரிங்ஸ் போட்டார், அதனால் நாமும் ரவுண்ட்வவுண்ட்தான் போட வேண்டும் என்று ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது. போட்ட பிறகு என்ன நடக்கிறது? சத்தம் கூர்மையாக இருக்கிறது, கரகரவென்று உரசுகிறது என்று டோன் நாப்பை முக்கால்வாசி மூடிவிட்டு வாசிக்கிறார்கள். "வார்மா வரமாட்டேங்குது மச்சான், ஆம்ப் சரியில்ல" என்ற புலம்பல் வேறு. ஆம்ப் பாவம், அது என்ன செய்யும்?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு ஃப்ரெட்லெஸ் பேஸ், அதன் விரல்பலகை பூச்சு இல்லாத வெறும் மரம், உங்களுக்கு வேண்டியது கதகதப்பான தடித்த சத்தம் என்றால் ஃப்ளாட்வவுண்ட் ஸ்ட்ரிங்ஸ் போடுங்கள். இது ருசி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல, பர்ஸ் சம்பந்தப்பட்டதும்கூட.

தெரியாத நண்பர்களுக்காக

(பேஸ் வாசிப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.)

வீணையில் 24 மெட்டுகள் இருக்கின்றன அல்லவா, கிடாரில் அதே வேலையைச் செய்வதுதான் ஃப்ரெட். விரல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கம்பி அந்த உலோகப் பட்டையில் பட்டுச் சரியான சுரத்தைக் கொடுத்துவிடும். அந்தப் பட்டைகளே இல்லாத பேஸ்தான் ஃப்ரெட்லெஸ். வயலின் மாதிரி, விரல் எங்கே அழுத்துகிறதோ அதுதான் சுரம். ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் ஊருக்கே கேட்கும். அதற்குக் கூலியாக ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இடைவெளியே இல்லாமல் வழுக்கிப் போகலாம். நம் ஊர் சங்கீதத்தில் ஜாரு என்பார்களே, அது இந்த வாத்தியத்துக்கு மூச்சு விடுவது போல. எப்படி இருக்கும் என்று கேட்க அமெரிக்கா வரை போக வேண்டாம். ஏ.ஆர்.ரஹ்மானின் பல பாடல்களுக்கு பேஸ் வாசித்த கீத் பீட்டர்ஸின் வாசிப்பைத் தேடிக் கேளுங்கள்.

அடுத்தது கம்பி. பேஸ் ஸ்ட்ரிங் என்பது ஒற்றைக் கம்பி அல்ல. நடுவில் ஒரு எஃகு இழை, அதன் மேல் சுற்றிய கம்பி. வெளிச்சுற்று உருண்டையான கம்பியாக இருந்தால் ரவுண்ட்வவுண்ட். மேலே விரல் ஓட்டினால் ஸ்குரூவின் மரை மாதிரி வரிவரியாக இருக்கும். வெளிச்சுற்று தட்டையான ரிப்பன் மாதிரி இருந்தால் ஃப்ளாட்வவுண்ட். தொட்டால் வழவழவென்று இருக்கும். வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் இந்த வரிகள்தான் நம் பிரச்சினை எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

1966ல் நடந்த இரண்டு விஷயங்கள்

ஃபெண்டர் கம்பெனி 1951ல் பிரிசிஷன் பேஸை வெளியிட்ட பிறகு ஏறக்குறைய பதினைந்து வருடம், எலெக்ட்ரிக் பேஸ் என்றாலே பெரும்பாலும் ஃப்ளாட்தான். 1966ல் 'தி ஹூ' குழுவின் ஜான் என்ட்விசில், ரோட்டோசவுண்ட் கம்பெனியோடு சேர்ந்து ரவுண்ட்வவுண்ட் பேஸ் கம்பியைச் செம்மைப்படுத்தினார். அவருக்குத் தேவைப்பட்டது பியானோ மாதிரி 'கணீர்' சத்தம். கிடைத்தது. ராக் உலகமே அந்தப் பக்கம் சாய்ந்தது.

அதே 1966ல்தான் ஆம்பெக் கம்பெனி ஏயூபி-1 என்ற ஃப்ரெட்லெஸ் பேஸைக் கொண்டுவந்தது. தொழிற்சாலையில் செய்து விற்ற எலெக்ட்ரிக் ஃப்ரெட்லெஸ் பேஸ்களில் அதுதான் முதல் என்பார்கள். 'தி பேண்ட்' குழுவின் ரிக் டேங்கோ பிறகு ஆம்பெக் ஃப்ரெட்லெஸ் வாசித்தார். ஃபெண்டர் 1970ல்தான் ஃப்ரெட்லெஸ் பிரிசிஷனோடு வந்தது.

ஆக, ரவுண்ட்வவுண்ட் கம்பி ஃப்ரெட்லெஸ்ஸுக்காகப் பிறந்தது அல்ல. உலோக ஃப்ரெட்டின் மேல் மோதிக் கணீரென்று ஒலிப்பதற்காகப் பிறந்தது. ஃப்ரெட்டே இல்லாத இடத்தில் அதைப் போட்டுப் பார்த்து, அதிலிருந்து ஒரு புது மொழியையே உண்டாக்கியவர் ஜாக்கோ. 1976ல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தையும், 1977ல் வெதர் ரிப்போர்ட் குழுவோடு வாசித்த 'ஹெவி வெதர்' ஆல்பத்தையும் கேட்டால், அதற்கு முன்னால் பேஸ் என்ற வாத்தியம் இப்படிப் பேசியதில்லை என்பது புரியும். அதில் எனக்குச் சண்டையே இல்லை.

ஆனால் ஜாக்கோவின் சத்தம் கம்பியிலிருந்து மட்டும் வரவில்லை. 1962 மாடல் ஜாஸ் பேஸின் விரல்பலகைக்கு அவர் படகுக்குப் பூசும் எபாக்சி பூசினார். கண்ணாடி மாதிரி கெட்டியான பூச்சு. பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பைத்தான் பெரிதும் நம்பினார். பிரிட்ஜுக்கு நெருக்கமாகவே மீட்டினார். கம்பி, பூச்சு, பிக்கப், கை எல்லாம் சேர்ந்துதான் அந்தக் குரல். இதில் கடையில் சுலபமாகக் கிடைக்கிற ஒன்றை மட்டும் வாங்கி மாட்டிக்கொண்டு, ஜாக்கோ வரவில்லையே என்றால் எப்படி வருவார்?

அந்த எபாக்சி எதற்கு என்பதையும் யோசியுங்கள். ரவுண்ட் கம்பி மரத்தைத் தின்றுவிடும். அதற்கான கவசம்தான் அது. நாம் கம்பியைக் காப்பியடிக்கிறோம், கவசத்தை விட்டுவிடுகிறோம்.

வார்ம் என்றால் என்ன?

எல்லோரும் வார்ம் வார்ம் என்கிறோம், ஆளுக்கொரு அர்த்தத்தில். கொஞ்சம் எண்களோடு பார்ப்போம். பேஸின் நான்கு கம்பிகளில் தடித்த ஈ கம்பியை அழுத்தாமல் மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். அடுத்தடுத்து ஏ 55, டி 73, ஜி 98. ஈ கம்பியை மீட்டினால் 41 மட்டும் வராது. 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் கூடவே வரும். இவைதான் ஹார்மோனிக்ஸ். மேலே உள்ள மடங்குகள் நிறைய இருந்தால் சத்தம் பளிச்சென்று, உலோகத்தனமாக இருக்கும். மேல்மடங்குகள் சீக்கிரம் அடங்கி, கீழே உள்ளவை நின்றால் அதைத்தான் வார்ம் என்கிறோம்.

ஃப்ளாட் கம்பியில் மேல்மடங்குகள் குறைவாகப் பிறக்கின்றன, பிறந்ததும் சீக்கிரம் அடங்குகின்றன. மீட்டும்போது ஒரு 'தும்' இருக்கும், பிறகு வட்டமான சத்தம் நிற்கும். டோன் நாப்பை மூடினால் இது வராதா என்று கேட்பீர்கள். பாதி வரும். டோன் நாப் என்பது, பிக்கப்பிலிருந்து சிக்னல் வந்த பிறகு, ஒரு எல்லைக்கு மேலே உள்ளதைப் படிப்படியாகக் குறைக்கிற மின்சுற்று. தொடக்கத் தட்டு, நடுச்சத்தம், வால் என்று எல்லாவற்றையும் ஒரே மாதிரி மழுக்கும். ஃப்ளாட் கம்பி பிறக்கும் இடத்திலேயே சத்தத்தின் குணத்தை மாற்றுகிறது. இதில் நாப்பை முழுக்கத் திறந்து வைத்தே வாசிக்கலாம். விரலின் நெளிவு சுளிவெல்லாம் வெளியே கேட்கும்.

இன்னொன்று உரசல். ஜாரு போகும்போது ரவுண்ட் கம்பியின் வரிகளில் விரல் தேய்ந்து 'ஸ்ஸ்ரீக்' என்று ஒரு சத்தம் வரும். ஃப்ரெட் உள்ள பேஸில் எப்போதாவது வழுக்குவோம், பரவாயில்லை. ஃப்ரெட்லெஸ்ஸை வாங்குவதே வழுக்குவதற்காகத்தான்! வழுக்கும்போதெல்லாம் கீச்சிட்டால் என்ன பிரயோஜனம்? வயலின், செல்லோ, டபுள் பேஸ் என்று மெட்டில்லாத மேற்கத்திய வாத்தியக் குடும்பம் முழுவதும் வெளியே வழவழப்பான கம்பியைத்தான் போடுகிறது. வில் போட்டு வாசிப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். விரல் வழுக்க வசதி என்பது கூடவே கிடைக்கிற லாபம்.

காமர்ஸ் மாணவன் கணக்கு

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். ஃப்ளாட் செட் விலை அதிகம், ரவுண்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, சில பிராண்டுகளில் அதற்கும் மேலே. கடையில் இந்த விலையைப் பார்த்ததும் கை பின்வாங்கும். ஆனால் விலை வேறு, செலவு வேறு.

ஒரு உதாரணத்துக்கு ரவுண்ட் செட் 2,000 ரூபாய், ஃப்ளாட் செட் 4,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ரவுண்டின் வரிகளுக்குள் வியர்வையும் அழுக்கும் ஏறிப் பளபளப்பு போய்விடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றினால், மூன்று வருட டிகிரி முடிவதற்குள் ஆறு செட், 12,000 ரூபாய். ஃப்ளாட்டில் அழுக்கு தங்க இடமே குறைவு. துணியால் துடைத்து வைத்தால் வருடக்கணக்கில் ஓடும், பழகப் பழக இன்னும் நன்றாகும் என்று சொல்கிறவர்களே அதிகம். மூன்று வருடத்துக்கு ஒரே செட், 4,500 ரூபாய். எது மலிவு?

மோடவுன் ஸ்டுடியோவில் எத்தனையோ ஹிட் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் லா பெல்லா ஃப்ளாட் போட்டிருந்தார். கம்பி அறுந்தால்தான் மாற்றுவார் என்பது பிரசித்தம். அவர் வாசித்தது ஃப்ரெட் உள்ள பேஸ்தான். ஆனால் அவர் டபுள் பேஸிலிருந்து வந்தவர், அந்தக் காது கடைசிவரை அவரோடு இருந்தது.

"ரவுண்டையே மாற்றாமல் விட்டால் அதுவும் செத்துப்போய் வார்மாகிவிடுமே, எதற்கு 4,500?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. ஆனால் பழைய ரவுண்ட் கம்பி ஒரே சீராகச் சாவதில்லை. ஓர் இடத்தில் அழுக்கு அதிகம், ஓர் இடத்தில் தேய்மானம் அதிகம். கனம் சீராக இல்லாத கம்பியில் சுரமும் சுத்தமாக நிற்காது. ஃப்ரெட் உள்ள பேஸிலேயே இது தொல்லை. ஃப்ரெட்லெஸ்ஸில் நீங்கள் விரலைச் சரியான இடத்தில் வைத்தும் சுரம் கோணலாகக் கேட்கும். பழி விரலுக்குப் போகும்.

இது கம்பிச் செலவு மட்டும். விரல்பலகையைச் சேர்க்கவே இல்லை. அக்கவுண்டன்சியில் சொல்வது போல, கம்பி நுகர்பொருள், விரல்பலகை நிலைச்சொத்து. பெரும்பாலான பேஸ்களில் அது ஈட்டி மரம், சிலவற்றில் கருங்காலி. ரவுண்ட் கம்பியை, அதுவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரவுண்டை, அழுத்தி அசைத்து அசைத்து வாசித்தால் அது அரம் மாதிரி மரத்தை அறுக்கும். கருங்காலி கொஞ்சம் தாங்கும், ஈட்டி அவ்வளவு தாங்காது. கம்பிக்குக் கீழேயே நீளமாகப் பள்ளம் விழும். பள்ளம் விழுந்தால் அதைத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். இந்த வேலை தெரிந்த கிடார் மெக்கானிக் எல்லா ஊரிலும் கிடைக்க மாட்டார். தேய்க்கத் தேய்க்கப் பலகையும் மெலியும். நுகர்பொருளில் மிச்சம் பிடிக்கப்போய் சொத்தைத் தேய்ப்பது எந்த ஊர் கணக்கு? :-)

இதில் வேடிக்கை என்னவென்றால், ரவுண்ட் ஆட்கள் விரும்புகிற அந்த 'ம்வா' சத்தம் இருக்கிறதே, கம்பி பலகையின் மேல் லேசாக உரசி அதிர்ந்து பாடுவது போல வருமே, அதற்குப் பலகை சமமாக இருக்க வேண்டும். பள்ளம் விழுந்தால் முதலில் போவது அதுதான். ம்வாவுக்காகப் போட்ட கம்பியே ம்வாவைக் கொல்கிறது. ஃப்ளாட்டில் ம்வா வராது என்பதும் முழு உண்மை இல்லை. ஆக்‌ஷன் தாழ்வாக, கழுத்து ஏறக்குறைய நேராக இருந்தால் அதிலும் வரும். உறுமல் குறைவாக, மிருதுவாக வரும்.

எதிர்க்கட்சியின் வாதங்கள்

எல்லாம் ஃப்ளாட்டுக்குச் சாதகம் என்று சொன்னால் நான் கம்பி வியாபாரி ஆகிவிடுவேன். எதிர்ப்பக்கமும் பலம் உள்ள பக்கம்தான்.

முதலாவது, ஃப்ளாட் கூட்டத்தில் காணாமல் போகும் என்பார்கள். இது பாதி உண்மை. சின்னப் பிராக்டிஸ் ஆம்பின் ஸ்பீக்கரோ போன் ஸ்பீக்கரோ 41 ஹெர்ட்ஸைத் தராது. நம் காது மேல்மடங்குகளை வைத்துத்தான் கீழே என்ன சுரம் என்று ஊகிக்கிறது. மேல்மடங்குகள் குறைவான ஃப்ளாட் கம்பி அப்படிப்பட்ட ஸ்பீக்கரில் 'பொம் பொம்' என்று அமுங்கும். கல்ச்சுரல்ஸ் மேடையில் இரண்டு கிடார், ஒரு கீபோர்டு, அடி அடியென்று அடிக்கிற டிரம்மர் என்றால் கேட்கவே வேண்டாம். இதற்கு மருந்து ஆம்பில் பேஸை ஏற்றுவது அல்ல. பேஸைக் குறைத்து, 200லிருந்து 800 ஹெர்ட்ஸ் வரையிலான நடுப்பகுதியைக் கொஞ்சம் ஏற்றுங்கள். பிரிட்ஜ் பக்கமாகக் கையை நகர்த்துங்கள். சுரம் வெளியே வரும்.

இரண்டாவது, சில வித்தைகள் ஃப்ளாட்டில் எடுபடாது. கம்பியை லேசாகத் தொட்டு மணி போல எழுப்பும் ஹார்மோனிக்ஸ் வாசிப்பு அப்படிப்பட்டது. ஜாக்கோவின் 'போர்ட்ரெய்ட் ஆஃப் டிரேசி' முழுக்க அந்த வித்தைதான். அதை ஃப்ளாட்டில் வாசித்தால் பாதி ஜொலிப்பு போய்விடும். ஸ்லாப் வாசிப்புக்கும் இதே கதி. உங்கள் ஆசை முழுக்க இதுதான் என்றால் ரவுண்ட் போடுங்கள், கூடவே எபாக்சி பூசிய பலகையும் தேடுங்கள்.

மூன்றாவது, ஃப்ளாட் என்றாலே தாத்தா காலத்து மந்தச் சத்தம் என்பது. இதற்கு ஒரே பதில் ஸ்டீவ் ஹாரிஸ். அயர்ன் மெய்டனின் அந்தக் குதிரைப் பாய்ச்சல் பேஸ் முழுக்க ஃப்ளாட் கம்பியில் வாசித்தது. ரோட்டோசவுண்ட் அவர் பெயரிலேயே ஒரு ஃப்ளாட் செட் விற்கிறது. புதிய கம்பி, வலுவான விரல், சரியான ஆம்ப் இருந்தால் ஃப்ளாட்டும் கர்ஜிக்கும்.

எந்த ஃப்ளாட்?

ஃப்ளாட் என்பது ஒரே சத்தம் அல்ல. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

டி'அடாரியோ குரோம்ஸ்: ஃப்ளாட்டுகளில் பளிச்சென்று இருப்பது. 45-100 செட் சாதாரணமாகக் கிடைக்கும். ரவுண்டிலிருந்து முதல் முறை மாறுபவர்களுக்கு அதிர்ச்சி குறைவு.

லா பெல்லா டீப் டாக்கிங் பேஸ்: ஜேமர்சன் வழி. 43-104 லைட் செட்டிலிருந்து 52-110 வரை பல தடிமனில் வருகிறது. அந்த 52-110 ஜேமர்சனுக்குச் சரி. நமக்கு விரலும் வலிக்கும், பேஸின் கழுத்தும் வளையும். ஃப்ரெட்லெஸ்ஸுக்கு மெல்லிய செட்டே போதும்.

தோமாஸ்டிக்-இன்ஃபெல்ட் ஜாஸ் ஃப்ளாட்ஸ்: வியன்னாவில் செய்வது. 43-56-70-100. இழுவிசை ரொம்பக் குறைவு, கம்பி நெகிழ்வாக இருக்கும், நடுப்பகுதிச் சத்தம் பாடும். விலைதான் பாடாய்ப் படுத்தும். ஓங்கி அடித்து வாசிப்பவர்களுக்கு ஒத்துவராது. ஜாரும் அசைவுமாக வாசிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

நைலான் டேப் சுற்றிய கம்பிகளும் உண்டு. டபுள் பேஸ் வாடை அடிக்கும், மரத்துக்கு ரொம்ப மிருது. ரவுண்டின் மேல்பகுதியை இழைத்து விற்கிற ஹாஃப்-ரவுண்ட் ஒரு நடுவழி. கூட்டணி ஆட்சி மாதிரி, இரண்டு பக்கமும் முழுத் திருப்தி இருக்காது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை சில. உங்கள் பேஸின் ஸ்கேல் நீளம் (பெரும்பாலும் 34 அங்குலம்), நட்டில் உள்ள பள்ளத்தில் புதுக் கம்பியின் தடிமன் உட்காருமா என்பது. ஒரே தடிமன் என்றாலும் ஃப்ளாட்டில் உலோகம் நெருக்கமாக இருப்பதால் பெரும்பாலும் இழுவிசை கூடும். கழுத்து முன்னால் வளைந்து ஆக்‌ஷன் ஏறும். டிரஸ் ராடைக் கால் சுற்று கால் சுற்றாகத்தான் திருப்ப வேண்டும், ஒரே மூச்சில் அல்ல. நீளம் மிஞ்சினால் முதலில் வெட்ட வேண்டிய இடத்துக்கு முன்னால் கம்பியை 90 டிகிரி மடக்குங்கள், பிறகு வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் உள்ளே சுற்று நழுவி, 4,500 ரூபாய் கம்பி அன்றைக்கே செத்துவிடும். பாடி வழியாகக் கம்பி நுழைக்கிற பேஸ் என்றால் பிரிட்ஜ் வழியாகப் போடுவது நல்லது. கூர்மையான மடிப்பு ஃப்ளாட்டுக்கு ஆகாது.

வாங்குவதற்கு முன் செலவில்லாத சோதனை ஒன்றும் செய்யலாம். இருக்கிற கம்பியிலேயே கழுத்துப் பக்கமாக மீட்டுங்கள், பிரிட்ஜ் அருகே கம்பிக்குக் கீழே சின்ன ஸ்பாஞ்சு துண்டு வையுங்கள், டோனைப் பாதி மூடுங்கள். அந்தத் திசையில் வருகிற சத்தம் உங்களுக்குப் பிடித்திருந்தால் ஃப்ளாட் பக்கம் தைரியமாகப் போகலாம். பிடிக்கவில்லையா, பணம் மிச்சம்.

கடைசியாக

ஃப்ரெட்லெஸ் வாசிக்கிறவனுக்குக் காதுதான் மெட்டு. அந்தக் காது பழக மாதங்கள் அல்ல, வருடங்கள் ஆகும். அதுவரை தினமும் ஒரே இடத்தில், ஒரே கம்பியை, அழுத்தி அழுத்திச் சுரம் தேட வேண்டும். அந்தத் தேடலில் தேயப்போவது விரல்நுனித் தோலாக இருக்கட்டும், அது திரும்ப வளரும். ஈட்டி மரம் வளராது. கத்துக்குட்டிக் காலத்தில், அதாவது ரொம்பத் தப்பாக ரொம்ப நேரம் வாசிக்கிற காலத்தில், பலகையைக் காப்பாற்றித் தருகிற கம்பி ஃப்ளாட்தான். சத்தமும் நமக்கு வேண்டிய சத்தமாகவே இருக்கிறபோது வேறு என்ன வேண்டும்?

காது பழகி, சுரம் நின்று, அதற்கப்புறமும் ஜாக்கோவின் உறுமல்தான் வேண்டும் என்று தோன்றினால், பள்ளமில்லாத பலகையோடு அந்தப் பக்கம் போகலாம். ரவுண்டிலிருந்து தொடங்கிப் பலகையைப் பறிகொடுத்தவருக்கு அந்த வசதி இல்லை.